சுவருக்குள் டைவர்ட்டரா, வெளியே வால் மிக்ஸரா?

பெங்களூரில் புதுக் குளியலறை கட்டுபவர்கள் டைல்ஸ் ஒட்டும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். சூடு, குளிர் தண்ணீரைக் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரைச் சுவருக்குள் புதைத்தால் பார்க்க அழகு, துடைப்பதும் சுலபம். ஆனால் உள்ளே போகும் பாடியும் வெளியே தெரியும் கைப்பிடித் தகடும் ஒரே கம்பெனியின் பொருந்தும் மாடலாக இருக்க வேண்டும். போர்வெல் உப்பு படிந்து கார்ட்ரிட்ஜ் (தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகம்) இறுகும்போது அதே பாகம் கடையில் கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

சூடு, குளிர் தண்ணீரைக் கலக்கும் குழாயைச் சுவருக்கு வெளியே பொருத்தும் வால் மிக்ஸரில் அந்தத் தொல்லை குறைவு. அரை இஞ்ச் மரை, சூடு, குளிர் பைப்புகளுக்கு நடுவே 150 மி.மீ.; பெரும்பாலும் எந்தக் கம்பெனியும் உட்காரும். சின்ன வித்தியாசத்தை வளைந்த இணைப்பு சரிக்கட்டும். ஒயிட்ஃபீல்ட் போல போர்வெல், டேங்கர் தண்ணீரை நம்பும் பகுதி என்றால் என் தேர்வு இதுதான்.

அப்புறம், எதுவானாலும் கீசர் லைனுக்கு சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசி பைப் போடுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கான யுபிவிசி பைப் சூடு தாங்காது.