மூன்று கோடையாக என் பழைய காருக்கு நானே ஏசி பார்க்கிறேன்: மச்சினன் கேட்ட கேள்விக்குப் பதில்

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து மச்சினன் போன் பண்ணினான். "மாமா, கேஜ் செட்டும் வேக்குவம் பம்பும் சேர்த்து விலை இறங்கியிருக்கு, வாங்கிடவா? நீங்க மூணு வருஷமா வச்சிருக்கீங்களே" என்றான். கார் ஏசிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டுவது கேஜ் செட்; உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ளுவது வேக்குவம் பம்ப். வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் கார் 2006 மாடல் சின்னக் கார். இருப்பதோ திருச்சியில். கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணிக்குப் பாலக்கரை சிக்னலில் நின்றவர்களுக்கு, ஏசி இல்லாத கார் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பட்டறைக்குப் போவேன். "கேஸ் தீர்ந்துடுச்சு சார்" என்பார்கள். 1,600 ரூபாய். நன்றாகக் குளிரும். அடுத்த பொங்கல் தாண்டியதும் காற்று வெதுவெதுப்பாகிவிடும். மறுபடி ஏப்ரல், மறுபடி 1,600.

அந்த "தீர்ந்துடுச்சு" என்ற சொல்தான் என்னை இதில் இறக்கியது. ஏசி கேஸ் பெட்ரோல் இல்லை, எரிந்து தீர. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், சூட்டை வெளியே விடும் கண்டென்சர், காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாக வருஷக்கணக்கில் கொஞ்சம் கசிவது உண்டுதான். ஆனால் ஒரே வருஷத்தில் காலியாகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் நிரப்புவது, ஒழுகும் குடத்தைக் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. இதைச் சொன்னபோது ஒரு பட்டறையிலும் காது கொடுக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும், அந்த அரை நாள் கூலியைக் கொடுக்க முக்கால்வாசிப் பேர் தயாராக இல்லை.

2023 ஏப்ரலில் கேஜ் செட் 2,200, கால் ஹெச்பி வேக்குவம் பம்ப் 4,500, ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் 450 கிராம் டப்பா மூன்று, மூட்டுகளில் போடும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) டப்பா ஒன்று, கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை எல்லாம் வாங்கினேன். கேஜ் செட்டில் இரண்டு முள், மூன்று ஹோஸ்: நீலம் அழுத்தம் குறைந்த பக்கத்துக்கு (லோ சைடு), சிவப்பு அழுத்தம் கூடிய பக்கத்துக்கு (ஹை சைடு), மஞ்சள் ஹோஸ் பம்புக்கும் டப்பாவுக்கும். காரில் மாட்டும் முனைகளான இரண்டு கப்ளரும் வேறு வேறு அளவு என்பதால் மாற்றி மாட்ட முடியாது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

என்னைப் படுத்தியது அந்த நீல ஹோஸ். பட்டறையில் மிச்சமிருந்த கேஸை மெஷினில் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வீட்டு வாசலில் பம்பை மாட்டி 45 நிமிஷம் ஓடவிட்டேன். முள் பூஜ்யத்துக்குக் கீழே 29 இன்ச்சைத் தாண்டி இறங்கியது (வெற்றிடத்தைப் பாதரச இன்ச்சில் அளப்பார்கள்). உள்ளே இருக்கும் காற்றும் ஈரமும் போவதற்குத்தான் இந்த வேலை. அந்த அளவு வெற்றிடத்தில் தண்ணீர் நம் ஊர் வெயில் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும், பம்ப் இழுத்து வெளியே தள்ளிவிடும். அப்புறம் இரண்டு வால்வையும் மூடி, பம்பை நிறுத்தி, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் முள் 20-க்கு ஏறியிருக்கிறது. ஆகா, ஓட்டை உறுதி என்று சந்தோஷப்பட்டேன்.

கண்டென்சர் மூட்டைக் கழற்றினேன். பச்சை ஓ-ரிங் புதிது போட்டு, எண்ணெய் தடவி இறுக்கினேன். மறுபடி வேக்குவம், மறுபடி 20. அடுத்த ஞாயிறு கம்ப்ரசர் மூட்டு இரண்டும். மறுபடி 20. கூலிங் காயில்தான் போயிருக்கிறது, டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும் என்று முடிவு பண்ணி, ராத்திரி தூக்கமே இல்லை. மூன்றாவது ஞாயிறு எதற்கோ கப்ளர்களைக் காரிலிருந்து கழற்றி, ஹோஸ்களை மட்டும் வேக்குவம் இழுத்து மூடி வைத்தேன். சிவப்பு முள் அசையவில்லை. நீல முள் மட்டும் மெல்ல ஏறியது. கேஜில் முறுக்கும் முனையில் இருந்த சின்ன ரப்பர் வாஷர் ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. ஓட்டையைக் கண்டுபிடிக்க வாங்கிய கருவியே ஒழுகியிருக்கிறது. மூன்று ஞாயிறு போச்சு, நல்ல மூட்டுகளையெல்லாம் அநியாயமாகத் திறந்தேன். ஃபிரிட்ஜ் சாமான் கடையில் அந்த வாஷர் பத்து ரூபாய்க்குக் கிடைத்தது.

இந்த வாஷர் எனக்கு மூன்று வருஷத்தில் மூன்று தடவை போய்விட்டது. கொஞ்சம் அதிகமாக முறுக்கினால் நசுங்கும், குறைவாக முறுக்கினால் காற்று வாங்கும். இப்போதெல்லாம் காரைத் தொடும் முன் கேஜ் செட்டை மட்டும் இழுத்து அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் பானெட்டைத் திறக்கிறேன். வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே இதைச் செய்யுங்கள்.

வாஷர் மாற்றியதும் காரில் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றது. நிரப்பினேன். இங்கே அளவுதான் எல்லாமே. என் காருக்கு 400 கிராம் என்று பானெட்டின் உள்பக்க லேபிளில் போட்டிருக்கிறது. சமையலறைத் தராசில் டப்பாவை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்துத்தான் போட்டேன். பம்பிலிருந்து டப்பாவுக்கு மஞ்சள் ஹோஸை மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். கேஜ் முனையை ஒரு நொடி தளர்த்தி அதை வெளியே விட வேண்டும். இஞ்சினை நிறுத்தி வைத்தே, வெற்றிடம் இழுக்கும் வரை கேஸைப் போகவிட்டேன். அப்புறம் இஞ்சினை ஓட்டி, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, லோ சைடு வழியாக மட்டும் மீதியை விட்டேன். கவிழ்த்துப் பிடித்தால் திரவமாகப் போய்க் கம்ப்ரசரை உடைக்கும். இஞ்சின் ஓடும்போது, டப்பா மாட்டியிருக்க, சிவப்பு வால்வைத் திறந்தால் ஹை சைடு அழுத்தம் முழுக்க டப்பாவுக்குள் போய் அது வெடிக்கும். இது மட்டும் மறக்கவே கூடாது. டப்பா கையில் சில்லிட்டு, வெளியே பனி பூத்து, கேஸ் வருவது குறையும்போது கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்தேன். கம்ப்ரசரை இஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் டக்கென்று பிடித்தது. இரண்டு நிமிஷத்தில் டேஷ்போர்டிலிருந்து வந்த காற்றை என் மகள் முகத்தில் வாங்கிக்கொண்டு, "அப்பா, மூக்கு வலிக்குது" என்றாள். அந்த நாளை மறக்க மாட்டேன்.

இதோடு முடியவில்லை. 2024 ஜனவரியில் மறுபடி குளிர் குறைந்தது. காலையில் இஞ்சின் போடாமல் கேஜை மாட்டினேன், இரண்டு முள்ளும் 80 பிஎஸ்ஐ காட்டின. கேஸ் நிறைய இருக்கிறது, கம்ப்ரசர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தப்பு. நிற்கும் காரில் அந்த முள் சொல்வது வெப்பநிலையைத்தான். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் 25 டிகிரியில் 80 சொச்சம், 35 டிகிரியில் 115 அளவுக்கு நிற்கும். பாதி இருந்தாலும் அதே எண், முழுசாக இருந்தாலும் அதே எண். வீட்டு சிலிண்டரை அழுத்தம் பார்த்தா மதிப்பிடுகிறோம்? தூக்கித்தானே பார்க்கிறோம்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வேக்குவத்தில் முள் அசையாமல் நின்றால் ஓட்டையே இல்லை என்று அர்த்தமில்லை. வேக்குவத்தில் வெளிக்காற்று உள்ளே அழுத்துவது 15 பிஎஸ்ஐக்கும் குறைவுதான். ஓடும்போது ஹை சைடில் உள்ளிருந்து வெளியே அழுத்துவது 200-க்கு மேல். சின்ன ஓட்டை ஒரு பக்கம் அடைத்துக்கொண்டு, மறுபக்கம் விடும்.

சோப்புத் தண்ணீரைக் குழைத்து, பழைய பெயின்ட் பிரஷால் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுவைத்தேன். எல்லாம் சுத்தம். கடைசியில் கேஜ் மாட்டும் லோ சைடு வாய்க்கு வந்தேன். அதன் கறுப்பு மூடி நான் வாங்கும்போதே இல்லை. வாய்க்குள் ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எழுந்திருக்கப் போனவன் நின்று பார்த்தேன். வால்வு பின் ஓரத்தில் கடுகு அளவு ஒரு குமிழ். மெல்ல மிளகு அளவானது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொரு கடுகு. கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒன்று. வருஷா வருஷம் 1,600 ரூபாய் போன வழி அதுதான்.

பைக் டயரில் இருப்பது மாதிரி ஒரு வால்வு பின் அது. இந்த வாயில் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஹோஸை மாட்டியிருக்கிறார்கள், கழற்றியிருக்கிறார்கள். ஒருத்தர்கூட மூடி எங்கே என்று கேட்கவில்லை. காசு போனதைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். ஆர்-134ஏ ஒரு கிலோ காற்றில் கலந்தால், கரியமில வாயு 1,400 கிலோவுக்கு மேல் கலந்தது போல பூமியைச் சூடாக்கும் என்கிறது கணக்கு. அப்படியானால் என் காரின் 400 கிராம், வருஷத்துக்கு அரை டன்னுக்கு மேல். அதனால் பின் மாற்றும்போது மிச்சக் கேஸைக் காற்றில் விடவில்லை. வாங்கிச் சேமிக்கும் மெஷின் இருக்கும் அதே பட்டறைக்கே போய், காசு கொடுத்து எடுக்கச் சொன்னேன். புதுப் பின், உள்ளே ரப்பர் உள்ள புது மூடி, மறுபடி வேக்குவம், மறுபடி 400 கிராம். கண்டென்சர் இடுக்கில் அடைந்திருந்த பூச்சியையும் மண்ணையும் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவியதில், ஹை சைடு 300-லிருந்து 240-க்கு இறங்கியது. அது கைமேல் கிடைத்த லாபம்.

2025 கோடை முழுக்க ஒரு கிராம்கூடப் போடவில்லை. வெளியே 39 டிகிரி அடித்த நாளில், புதுக்கோட்டை ரோட்டில் ஓடும்போது ஏசி வாயில் வைத்த தெர்மாமீட்டர் 9 காட்டியது.

இவ்வளவு சொல்லிவிட்டேனே, அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம் மாப்பிள்ளை. எனக்கு இதுவரை 12,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. மூன்று வருஷமும் பட்டறைக்கே போயிருந்தால் 4,800-தான். அந்த நீல ஹோஸை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது. உனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் லீவு, கைக்குழந்தை வேறு. என் செட்டை விலைக்குக் கேட்காதே, அதையும் தர மாட்டேன்.

காரை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை ஏழு மணிக்குள் வந்துவிடு, வெயில் ஏறினால் பானெட்டில் கை வைக்க முடியாது. புறப்படுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, கேஸ் அளவு போட்ட லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பு. லோ சைடு வாயில் மூடி இருக்கிறதா என்றும் பார்.