கிளிநொச்சிப் பேச்சு வகுப்பு: சபைக் கூச்சம் உள்ளவர்கள் போகலாமா?

கிளிநொச்சி டவுனில் ஏ9 வீதியோரக் கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் சனிக்கிழமை பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்கு மேடைப்பேச்சு வகுப்பு நடக்கிறது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் 2,500 ரூபா. முழுவதும் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கூட்டத்தில் எழும்பிக் கதைக்கச் சொன்னால் தொண்டை வரண்டு, சொல்ல வந்ததே மறந்து போகிறவர்களுக்கு இது உண்மையாகவே உதவும். பட்டிமன்றம் ஏற வேண்டும், அடுக்குமொழி பழக வேண்டும் என்று வருகிறவர்களுக்குச் சரிவராது.

நடத்துபவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எல்லாரும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே யாரையும் மேடையில் ஏற்றமாட்டார். வட்டமாகக் கதிரையில் இருந்தபடியே பெயர், ஊர், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை, இதை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். ஒரு அக்கா மிளகாய்க் கன்று நடுவதைச் சொன்னார், ஒரு தம்பி மோட்டார் சைக்கிள் செயின் இறுக்குவதைச் சொன்னான், இரண்டு பேருக்கும் குரல் நடுங்கவே இல்லை. அடுத்த கிழமை அதையே நின்றுகொண்டு, அதற்கடுத்து மைக் பிடித்து, அப்புறம் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால். பயம் வருகிற இடத்தை விட்டு விலகினால் பயம் வளரும், சின்னச் சின்ன அளவில் திரும்பத் திரும்பப் போய் நின்றால் உடம்பு தானாக அடங்கும். இதை அவர் விரிவுரையாகச் சொல்வதே இல்லை, செய்ய வைத்துவிடுகிறார்.

நேரம் பார்க்க ஒருவர், தேவையில்லாமல் வரும் 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் எண்ண ஒருவர், பேச்சை மதிப்பிட ஒருவர் என்று கிழமைக்குக் கிழமை பொறுப்பு மாறும். 1924இல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பழகும் கழகங்களின் முறை இது. சீட்டு எடுத்து அதில் வந்த தலைப்பில் ஒன்றிரண்டு நிமிடம் உடனே பேசுவதும் அங்கிருந்து வந்ததுதான், ஆனால் சீட்டில் இருப்பது யானை வேலி, பஸ் நிற்காமல் போனால் யாரிடம் முறையிடுவது, இந்த முறை நெல்லை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்ற மாதிரி நம்முடைய பாடுகள்.

எனக்கு மிகவும் பயன்பட்டது போன் பதிவு. பேசி முடித்த கையோடு நம் வீடியோவை நமக்கே போட்டுக் காட்டுவார்கள். நெஞ்சு படபடத்து, முழங்கால் ஆடி, எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து இருந்தால், வீடியோவில் அதில் பாதிகூடத் தெரியாது. உள்ளே இருக்கிற நடுக்கம் வெளியே அந்த அளவுக்குத் தெரிவதில்லை என்பதை ஒருக்கா கண்ணால் பார்த்துவிட்டால் அடுத்த முறை பாரம் பாதியாகிவிடுகிறது. எழுதி வைத்து வாசிக்க விடமாட்டார். முதல் இரண்டு வரியும் கடைசி வரியும் மனப்பாடம், நடுவில் சொல்ல வேண்டியதற்கு ஒரு துண்டில் மூன்று சொற்கள், அவ்வளவுதான். எழும்ப முன் மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுவதில் கவனம் வைக்கச் சொல்வார், அது நிச்சயமாக வேலை செய்கிறது.

வன்னியில் இப்படி ஒரு வகுப்பு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே முப்பதைத் தாண்டிய பலருக்குப் பள்ளிக்காலமே இடப்பெயர்வில் போனது, தமிழ்த்தினப் போட்டி மேடையெல்லாம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2009க்குப் பிறகு முகாம்களில் வரிசையிலும் பதிவிலும் நின்று, வாயைத் திறக்காமல் இருந்தால் பிரச்சினை இல்லை என்று பழகிய சனம் நாங்கள். அந்தப் பழக்கம் ஊர் திரும்பிய பிறகும் கூட்டங்களில் எங்களோடுதான் வந்து இருக்கிறது. வெட்கம் என்று பெயர் வைத்து அதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பில் இருந்தபோதே சிறுபோகக் கூட்டம் வந்தது. இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கிற கூட்டம், அதிகாரிகள் முன்வரிசையில் இருப்பார்கள். கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை என்பதை எழும்பிச் சொன்னேன். எந்த இடத்தில் மதகு பழுது, எத்தனை குடும்பத்தின் வயல், என்ன செய்து தர வேண்டும். மூன்றே விசயம், இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் இருந்ததும் பின்னால் இருந்த ஒரு அம்மா தானாக எழும்பினார், அவருக்குப் பிறகு வேறு இரண்டு பேர். அந்த அம்மா இதற்கு முன் எந்தக் கூட்டத்திலும் கதைத்து நான் கண்டதில்லை. மதகு இன்னும் திருத்தப்படவில்லை, ஆனால் கடைவாய்க்கால் பிரச்சினை கூட்ட அறிக்கையில் ஏறியிருக்கிறது. இதற்கு மட்டுமே கட்டின காசு தகும் என்று நான் நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. தகரக் கூரை, மழை பெய்தால் மைக் இருந்தும் ஒன்றும் கேட்காது. ஆட்கள் கூடிவிட்டால் ஒருவருக்கு ஒரு முறைதான் பேசக் கிடைக்கிறது, இருபது பேருக்கு மேல் எடுக்கவே கூடாது. மூன்றாம் மாதம் வெளியில் இருந்து ஒருவரை அழைத்துத் தன்னம்பிக்கை பற்றி ஒரு மணித்தியாலம் பேச வைத்தார்கள், அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் ஒரு சுற்றுப் பேசியிருக்கலாம். மதிப்பீடு செய்கிறவர்களும் சில வேளை முகத்துக்காக 'நல்லது' என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறார்கள், சேர்தான் இழுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரிய பிரச்சினை பஸ். வகுப்பு முடிய இருட்டிவிடும், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கம் போகிற பெண்கள் பாதியில் எழும்பிப் போவதைப் பார்க்கக் கவலையாக இருந்தது. நன்றாகப் பேசத் தொடங்கியிருந்த இரண்டு பேர் இதனாலேயே நின்றுவிட்டார்கள். நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாதத்தில் ஒரு வகுப்பையாவது விசுவமடுவில் வையுங்கள், சனசமூக நிலையம் கேட்டால் தருவார்கள் என்று சேரிடம் கேட்டிருக்கிறோம். யோசிக்கிறேன் என்றார். சேர நினைக்கிறவர்கள் முதல் வகுப்புக்குக் காசு கட்டாமல் போய்ப் பார்க்கலாம். போகும்போது இதையும் ஒருக்கா கேளுங்கள், நாலு பேர் கேட்டால் நடக்கும்.