வேன் ஸ்டார்ட் ஆகாத காலையில் கைகொடுத்த மல்டிமீட்டர்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்'. அவ்வளவுதான், அப்புறம் அமைதி. ஹாரன் அடிக்கிறது, லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் மட்டும் எடுக்க மறுக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பினார்கள், நாலு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் காலையில் மறுபடியும் அதே டக். எதையும் அளந்து பார்க்காமலே பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள் என்ற கோபத்தில்தான் இந்த மல்டிமீட்டரை வாங்கினேன். நடுவில் எதை அளப்பது என்று மாற்றும் திருகு வைத்த, சிவப்பு கறுப்பு என்று இரண்டு வயர் உள்ள சாதாரண டிஜிட்டல் மீட்டர்தான், புது பேட்டரிக்குக் கொடுத்ததில் சின்னப் பங்குகூட ஆகவில்லை.

முதலில் திருகை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியைப் பார்த்தேன். 12.6 காட்டியது, அதாவது முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12.0 வந்தால் கிட்டத்தட்ட காலி என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து தம்பியை உள்ளே உட்கார வைத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். பேட்டரி சோர்ந்திருந்தால் அந்த நேரத்தில் 9.6-க்கும் கீழே விழும். என் மீட்டரோ 12.3-ல் அசையாமல் நின்றது. அப்போதுதான் புரிந்தது, பேட்டரி கொடுக்கத் தயாராக இருக்கிறது, கரண்ட் போகிற வழியில்தான் ஏதோ அடைப்பு.

சரி என்று கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேலேயே வைத்தேன் (கிளாம்ப் மேல் வைத்தால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் உள்ள கோளாறு தெரியாது), சிவப்பு முனையை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தம்பி சாவியைத் திருப்பினான். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 5.8! பேட்டரி வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, மைனஸை வண்டி இரும்போடு இணைக்கும் எர்த் வயர் வழியிலேயே கரைந்து போயிருக்கிறது. ஹாரனுக்கும் லைட்டுக்கும் சில ஆம்பியர் போதும், அது எப்படியோ கடந்துவிடும். செல்ஃப் மோட்டாருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும், அது கடக்காது. வயரை சேசிஸில் இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். வாஷருக்கு அடியில் துரு ஏறி, அதன் மேல் வெளிறிய பச்சைப் பொடி பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து இறுக்கினேன். அதன் பிறகு 0.15, ஒரே திருப்பில் ஸ்டார்ட்.

அன்றிலிருந்து நண்பர்கள் வண்டிக்கும் இதுதான். ஒருவருடைய வேன் மூன்று நாள் நிறுத்தினாலே செல்ஃப் எடுக்காமல் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டும், அது பேட்டரி இறங்கியதன் சத்தம். ஆனால் ஓடும்போது அளந்தால் 14.2, டைனமோ நன்றாகவே சார்ஜ் போடுகிறது. அப்படியானால் நிற்கும்போது எதுவோ குடிக்கிறது. மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, நடுவில் மீட்டரைக் கோத்து, எல்லாக் கதவையும் பூட்டி அரை மணி நேரம் விட்டோம். 50 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டியது 0.4 ஆம்பியரிலேயே நின்றது. பின்கதவு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு சரக்கு அறை பல்பு இரவும் பகலும் எரிந்திருக்கிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர்-அவர், 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மூன்று நாளில் பாதி காலி.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் இந்த மீட்டர் பெரிதாக உதவாது. டீசலில் ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று, குளிரில் சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக், பெட்ரோலில் ஸ்பார்க், இரண்டிலுமே பம்ப் ரிலே, சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர் என்று அது வேறு தேடல். குளோ பிளக் அறுந்திருந்தால் மட்டும் ஓம் அளவில் காட்டிக்கொடுத்துவிடும்.

குறைகள் உண்டு. திரைக்கு வெளிச்சம் இல்லை, பானெட்டுக்கு அடியில் டார்ச் இல்லாமல் எண் தெரியாது. ஆம்பியர் பார்த்த பிறகு சிவப்பு வயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றாமல் பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட், உள்ளே ஃபியூஸ் போகும், ஒரு முறை எனக்கே போனது. ஆம்பியரில் கோத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள். கூட வந்த வயர்கள் குட்டை, ஊசிமுனை வழுக்குகிறது. நான் தனியாக நீள வயரும் குரோக்கடைல் கிளிப்பும் வாங்கிக்கொண்டேன், இப்போது கிளிப்பை மாட்டி, வயரை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்து, சீட்டில் உட்கார்ந்தே சாவியைத் திருப்பிப் பார்க்க முடிகிறது.