மயிலாப்பூர் ஃபிளாட்டா, கூடுவாஞ்சேரி தனிவீடா?

சென்னையில் வீடு தேடி அலைகிறவர்கள் கடைசியில் வந்து மாட்டிக்கொள்கிற கேள்வி இது. ஊருக்குள் பழைய அபார்ட்மென்ட் ஒன்றில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் வாங்குவதா, இல்லை தாம்பரத்தைத் தாண்டிப்போய் அரை கிரவுண்டில் தனிவீடு கட்டிக்கொள்வதா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் ‘அவரவர் இஷ்டம்’ என்று முடிந்துவிடும். அதனால் நான் குடியிருந்து பார்த்த இரண்டு இடங்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

முதலில் நிலம். தனிவீட்டுக்காரர்களின் பெரிய வாதம் இதுதான், நியாயமான வாதமும்கூட. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அரை கிரவுண்ட் என்றால் 1,200 சதுர அடி மண் முழுக்க உங்கள் பெயரில் இருக்கும். 900 சதுர அடி ஃபிளாட் வாங்கினால், எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் பிரிபடாத பங்காகப் பத்திரத்தில் வருவது பெரும்பாலும் நானூற்றுச் சொச்சம் சதுர அடி, அதாவது சுமார் ஒரு சென்ட். அதில் எந்த மூலை உங்களுடையது என்று யாராலும் காட்ட முடியாது. ஆனாலும் கட்டடத்தை இடித்துக் கட்டும் நாளில் அந்த ஒரு சென்ட்தான் பேசும். 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று ஆகிவிட்டது. ஒரே ஒருவர் முரண்டு பிடித்து மொத்தப் பேரையும் காக்கவைப்பது இனி எளிதில்லை. தனிமனைக்கு வேறு தலைவலி. 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டபோது, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ ஒன்றையே நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. டிடிசிபி, சிஎம்டிஏ என்கிற அரசின் நகரமைப்பு அமைப்புகளின் அங்கீகாரம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

போக்குவரத்தைப் பற்றிப் புறநகர்க்காரர்கள் புலம்புவதில் பாதிதான் உண்மை. கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், சீசன் டிக்கெட்டும் மலிவு. ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கில் வருகிறவர்களைப் பார்த்தால் ரயில் எவ்வளவோ தேவலை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போவதுதான் பாடு. விளம்பரத்தில் போடுகிற ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ யார், எதில், எந்த நேரத்தில் வந்து அளந்த ஐந்து நிமிடமோ! 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூர் பக்கம் வெளியூர்ப் பேருந்துகளுக்கான கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு ஒரு விஷயம் மட்டும் தலைகீழானது: பொங்கலுக்குத் தெற்கே சொந்த ஊருக்குப் போக கூடுவாஞ்சேரிக்காரர் சாவகாசமாகக் கிளம்புகிறார், மயிலாப்பூர்க்காரர் மூட்டை முடிச்சோடு வண்டலூர் வரை மல்லுக்கட்டுகிறார்.

ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுக்க ஆபீஸ் போகிறவரின் பயணத்தை அளவுகோலாக வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. ‘காற்றோட்டமா, யார் தொந்தரவும் இல்லாம இருக்கணும்’ என்று முதலில் ஆசைப்படுகிறவர் அநேகமாக அந்த வீட்டில் குறைந்த நேரம் இருக்கிறவர். காலையில் வண்டியை எடுத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பகல் முழுக்க அந்தக் காற்றோட்டத்தோடு இருக்கப்போவது வண்டி ஓட்டத் தெரியாத அம்மா, அப்பா.

மயிலாப்பூரில் அம்மாவின் காலைப்பொழுது தனி. கபாலி கோயில், திரும்பும் வழியில் மாடவீதியில் கீரையும் பூவும், லஸ் பக்கம் போனால் பிரஷர் மாத்திரை, நடுவில் தெரிந்த நாலு பேரிடம் வம்பு. எல்லாமே நடக்கிற தூரம், யாரிடமும் கொண்டுவிடச் சொல்லிக் கேட்க வேண்டாம். இப்போது மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப்போட்ட தெருக்களில் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது, அப்படியும் போகிறார்கள். கூடுவாஞ்சேரியில் மெயின் ரோட்டோடு ஷேர் ஆட்டோ நின்றுவிடும். உள்ளே நகர் பெயரைச் சொன்னதுமே ஆப்பில் புக் பண்ணிய ஆட்டோ கேன்சல் ஆகும். அப்புறம் ‘நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்ப்பா’ என்று அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளிப்போட ஆரம்பிப்பார். முதலில் கோயில், அடுத்து ரத்தப் பரிசோதனை.

சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் கணக்கு புரளும். ஃபிளாட்டின் கார் பார்க்கிங்கில் பந்து அடித்தால் அசோசியேஷன் செக்ரட்டரி மேலிருந்து எட்டிப்பார்ப்பார், ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் பஞ்சாயத்து நடக்கும். புறநகரில் இன்னும் கார்கள் அடைக்காத தெருக்கள் இருக்கின்றன. சைக்கிள் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் கர்வப்பட ஒன்றுமில்லை. ஊருக்குள் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், சம்ப்புக்கு வந்துவிடுகிறது, சரி. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது அதே தெருக்களில்தான் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டின. தனிவீட்டில் சொந்த போர்வெல், மோட்டார் உங்கள் இஷ்டம். ஆனால் என் வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற கறை ஆசிட் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது, ஹீட்டர் காயில் அடிக்கடி போய்விடும், குடிக்க இருபது லிட்டர் கேன்தான். பாதாளச் சாக்கடை இல்லாத தெரு என்பதால் செப்டிக் டேங்க் லாரிக்காரர் நம்பரும் போனில் இருக்க வேண்டும். ஃபிளாட்டில் மெயின்டனன்ஸ் கட்ட மூக்கால் அழுகிறவர்கள் இந்தச் செலவுகளை ஒரு வருடம் எழுதிவைத்துப் பார்க்கலாம்.

தோட்டக் கனவுக்கும் ஒரு வார்த்தை. காம்பவுண்ட் ஓரம் முருங்கை வைத்தால் காயும் கீரையும் தாராளம். மழை பெய்து ஓய்ந்ததும் மரத்தண்டு முழுக்க அப்பிக்கொள்கிற கம்பளிப்பூச்சியும் தாராளம்; சுவரேறி ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதையும் தாண்டி, சொந்த மொட்டைமாடியில் வடாம் பிழிந்து காயவைக்கிற சுகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெள்ளத்துக்குப் பயந்து எந்தப் பக்கமும் ஓட முடியாது. 2015 டிசம்பரில் புறநகர் முடிச்சூரும் மூழ்கியது, ஊருக்குள் இருக்கிற கோட்டூர்புரமும் மூழ்கியது. ஏரியாவின் பெயரைப் பார்க்காமல் அந்தத் தெருவின் மட்டத்தைப் பாருங்கள்.

என் தீர்ப்பு: வீட்டில் அறுபது தாண்டியவர்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊருக்குள் ஃபிளாட், அது சின்னதானாலும் சரி, லிஃப்ட் மட்டும் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வண்டி ஓட்டுவார்கள், குழந்தை சின்னது என்றால் தனிவீடு. இரண்டுமே இருக்கிற வீட்டில் நான் அம்மா பக்கம்தான் பேசுவேன். அப்படியும் புறநகர் மீதே ஆசை என்றால், வாங்குவதற்கு முன் அதே தெருவில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடகைக்கு இருந்து பாருங்கள். பெற்றோரையும் கூட்டிப்போங்கள், வண்டிச் சாவியை அந்த மூன்று மாதமும் பூட்டிவையுங்கள்.