காட்டு வான்கோழி வேட்டைக்கு முதல் கருவி: மரத்தாலான ‘பாக்ஸ் கால்’ – ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் இளவேனில் வான்கோழி வேட்டையைப் புதிதாகக் கற்க விரும்புபவர் வேட்டைப் பொருள் கடைக்குள் நுழைந்ததும் எதை முதலில் எடுப்பது என்று திகைப்பது இயல்பு. உருமறைப்பு உடைகளும் பொம்மைப் பறவைகளும் டங்ஸ்டன் ரவைத் தோட்டாக்களும் விதவிதமான ஒலியெழுப்பிகளும் சுவர் நிறையத் தொங்குகின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில், ஓக் மரங்கள் அடர்ந்த மேட்டுநிலங்களில் சில பருவங்கள் வேட்டையாடியவன் என்ற முறையில் நான் பரிந்துரைப்பது ஒன்றுதான்: துப்பாக்கிக்கும் உரிமத்துக்கும் அடுத்தபடியாகச் செலவிடும் முதல் 30, 40 டாலரை மரத்தாலான பெட்டி வடிவ ஒலியெழுப்பியான ‘பாக்ஸ் கால்’ (box call) கருவிக்கே கொடுக்க வேண்டும். பெட்டைக்கோழியின் குரலை எழுப்பிச் சேவலை அருகே வரவழைக்கும் கருவிகளில் முதல் நாளிலேயே நம்பத்தகுந்த ஒலி தருவது இதுதான். எப்போது ஒலியெழுப்பாமல் இருக்க வேண்டும் என்பதைக் கற்றுத்தருவதும் இதுதான்.

கருவியின் அமைப்பு எளிமையானது. வால்நட், செடார், மஹோகனி போன்ற மரங்களில் ஏதேனும் ஒன்றால் ஆன நீண்ட, குறுகிய, மேல்பக்கம் திறந்த பெட்டி. அதன் ஒரு முனையில் திருகாணியால் பொருத்தப்பட்ட, கைப்பிடி நீண்ட மூடி. மூடியின் அடிப்பக்கம் சற்றே வளைந்திருக்கும். அதைப் பெட்டியின் மெல்லிய பக்கச்சுவர் விளிம்பில் உரசினால் சுவர் அதிர்ந்து, உள்ளே இருக்கும் குழிவு அந்த அதிர்வைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. வயலின் வில்லுக்கு ரோசின் என்னும் பிசின் எப்படியோ, இந்த மூடிக்குச் சாக்குத்தூள் அப்படி. ஆனால் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி இதற்கு ஆகாது. எண்ணெய்ப் பசையோ மெழுகோ கலவாத, இதற்கென்றே விற்கும் சாக்கைத்தான் பூச வேண்டும். மூடியின் அடிப்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்ற நினைப்பதும் கூடாது, ஏனெனில் அந்த வளைவு மாறிவிட்டால் குரலும் மாறிவிடும். திருகாணியின் இறுக்கம் தயாரிப்பிடத்திலேயே சரிபார்க்கப்பட்டு வருவதால் அதையும் தொடாமல் விடுவது நல்லது.

ஆர்கன்சா மாநிலத்தின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் இத்தகைய பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். நூற்றாண்டு கடந்தும் வடிவம் பெரிதாக மாறவில்லை என்பதே இதன் தரத்துக்கு நல்ல சான்று என்று கருதுகிறேன்.

புதியவர் முதலில் கற்க வேண்டிய குரல் ‘யெல்ப்’ எனப்படும் பெட்டையின் சாதாரண அழைப்பு. உயர்ந்த சுருதியில் தொடங்கிச் சட்டென்று உடைந்து தாழ்ந்து முடியும் ஓர் ஒலி. அதுபோல் ஐந்தாறு, ஒரே சீரான இடைவெளியில். பெட்டியை இடது உள்ளங்கையில் லேசாக ஏந்தி, மூடியை விளிம்பிலிருந்து தூக்காமல் ஓரிரு அங்குலம் மட்டும் இழுத்தால் அந்த உடைப்புத் தானாகவே வருகிறது. மூடியைத் தூக்கித் தூக்கி அடிப்பவர்களுக்கு வருவது மரத்தில் மரம் மோதும் சத்தம் மட்டுமே. மூடியை விளிம்பில் வைத்தபடி ஒரு சிறு தட்டுத் தட்டினால் ‘கிளக்’. மிக மெதுவாக, அழுத்தமின்றி இழுத்தால் பெட்டை இரை கிளறும்போது எழுப்பும் ‘குர்ர்ர்’ என்ற திருப்திக் குரல். பெரும்பாலான பெட்டிகளில் இரு பக்கச் சுவர்களும் வெவ்வேறு குரல் தரும். ஒன்று இளம்பெட்டையின் தெளிந்த குரல், மற்றொன்று முதிர்ந்த பெட்டையின் கரகரப்பு. யெல்ப், கிளக், குர்ர்ர் ஆகிய மூன்று ஒலிகள் போதும். மூடியை ரப்பர் வளையத்தால் கட்டி உலுக்கிச் சேவலின் முழக்கத்தையும் எழுப்பலாம் என்று விற்பனைக் குறிப்பில் எழுதியிருப்பார்கள். அதைப் புதியவர் மறந்துவிட வேண்டும். பொதுநிலத்தில் சேவல் போல் முழங்குபவர் மற்றொரு வேட்டைக்காரரைத் தன்னை நோக்கி வரவழைக்கிறார்.

மாற்றுக் கருவிகளையும் சொல்ல வேண்டும். ஸ்லேட், கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டின்மீது குச்சியை உரசும் ‘பாட் கால்’ மென்மையான ஒலிகளில் பாக்ஸ் காலைவிட நுணுக்கமானது. ஆனால் குச்சியின் சாய்வு, தட்டைப் பிடிக்கும் விரல்களின் நிலை, பரப்பின் சொரசொரப்பு என்று பல விஷயங்கள் ஒன்றுசேர வேண்டியிருப்பதால் அதை இரண்டாவது பருவத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மேலண்ணத்தில் வைத்து ஊதும் ‘டயஃப்ரம்’ கைகளுக்கு முழுச் சுதந்திரம் தருவது. அனுபவசாலிகள் பலரும் அதையே விரும்புகிறார்கள். அதில் தேறுவதற்கு நெடுநாள் பயிற்சி தேவை. சிலருக்கு அது வாயில் வைத்த மாத்திரத்தில் குமட்டும். விலை மலிவு என்பதால் அதை முதலில் வாங்கி, ஒலி வராமல் வேட்டையையே கைவிடுபவர்களைப் பற்றி நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாக்ஸ் காலின் பலம் ஓசையின் வீச்சு. ஏப்ரல் மாதத்தில் காற்று பலமாக வீசும் மேட்டில், அடுத்த சரிவில் நிற்கும் சேவலுக்கும் அது கேட்கும். பலவீனங்கள் இரண்டு. ஈரம் பட்டால் சாதாரண மரப்பெட்டி ஊமையாகிவிடும். ஆகவே பனியிலும் மழையிலும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பைக்குள்ளேயே இயக்கப் பழக வேண்டும். இரண்டாவது குறை பெரியது: இதை இயக்க இரு கைகளும் வேண்டும், அசைவும் தெரியும். காட்டு வான்கோழிக்கு மோப்பம் சொற்பம். ஆனால் அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் கழுத்தைச் சற்றே திருப்பினால் சுற்றுவட்டம் முழுவதையும் பார்த்துவிடும், நிறங்களையும் நன்கு பிரித்தறியும். கருவியைக் கீழே வைக்கும் கையசைவு ஒன்றே போதும், ‘புட்’ என்று எச்சரிக்கை ஒலி எழுப்பிவிட்டுப் பறவை மறைந்துவிடும்.

இந்தக் குறையை நான் நன்மையாகவே பார்க்கிறேன். சேவல் கண்ணில் படும் தூரத்துக்கு வந்ததும் பெட்டியைத் தொட முடியாது என்பதால் புதியவர் கட்டாயமாக மௌனம் பழகுகிறார். அந்த மௌனம் ஏன் தேவை என்பதற்குப் பறவையின் வாழ்க்கை முறையிலேயே விடை இருக்கிறது. இயற்கையில் சேவல் தோகை விரித்து முழங்கும். பெட்டைதான் அதைத் தேடி நடந்து வரும். வேட்டைக்காரர் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிச் சேவலை நடக்க வைக்க முயல்கிறார். தொடர்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பெட்டை ஆர்வத்துடன் வந்துகொண்டிருப்பதாக எண்ணி, சேவல் அறுபது எழுபது கஜத் தொலைவிலேயே நின்று காத்திருக்கும். ஒருமுறை அழைத்துவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் பேசாமல் இருந்தால், அந்தப் பெட்டை எங்கே போயிற்று என்று பார்க்க அதுவே கிளம்பும். பல வேளைகளில் ஒரு முழக்கமும் எழுப்பாமல், சருகின் ஓசை மட்டும் கேட்க, எதிர்பாராத திசையிலிருந்து வந்து நிற்கும். புதியவர்களிடம் நான் காணும் பெருங்குறை, பதில் வராத சில நிமிடங்களிலேயே எழுந்து வேறிடம் போய்விடுவது.

அமரும் இடத்தைப் பற்றியும் இந்த மதிப்பீட்டில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இக்கருவி பறவையைப் போலவே ஒலிப்பதால், மற்றொரு வேட்டைக்காரர் நம்மைப் பறவை என்று எண்ணிச் சுடும் ஆபத்தும் உண்டு. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து, முன்பக்கம் திறந்த பார்வையுடன் உட்கார வேண்டும். சேவலின் தலையும் கழுத்தும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் இருப்பதால் அந்த நிறங்களில் கைக்குட்டைகூட உடம்பில் தெரியக் கூடாது. வேறொருவர் நெருங்கி வந்தால் கையசைக்கவோ வான்கோழிக் குரல் எழுப்பவோ செய்யாமல், அசையாதிருந்து உரத்த குரலில் பேசித் தன் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். காட்டில் கேட்கும் எந்த வான்கோழிக் குரலையும் பதுங்கிச் சென்று அணுகக் கூடாது. அது இதே போன்ற இன்னொரு பெட்டியின் குரலாக இருக்கலாம். சுட்ட பறவையையும் பொம்மைப் பறவையையும் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஒளிரும் ஆரஞ்சுத் துணியால் மூடிக்கொள்வது நல்லது. நடக்கும் நேரத்தில் பெட்டி பைக்குள் தானாக ஒலிக்காதிருக்க மூடிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு துண்டுத் துணியைச் செருகி வையுங்கள்.

மற்றப் பொருள்களில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. 12 அல்லது 20 கேஜ் (குழல் விட்ட அளவு) ஷாட்கன், ரவைகள் பரவாதபடி குழல்முனையைக் குறுக்கும் இறுக்கமான ‘சோக்’, 4 முதல் 6 வரையிலான அளவு எண் கொண்ட ரவை ஆகியவை தொடங்குவதற்குப் போதுமானவை. காகித இலக்கில் 40 கஜத்திலிருந்து சுட்டு, தலையும் கழுத்தும் உள்ள சிறு பரப்பில் எத்தனை ரவைகள் விழுகின்றன என்று பார்த்தபின்தான் காட்டுக்குள் போக வேண்டும். அடர்ந்து விழாவிட்டால் 30 கஜத்தையே எல்லையாகக் கொள்ளுங்கள். பறவையைக் காயப்படுத்தித் தப்பவிடாமல் இருப்பது வேட்டைக்காரரின் முதல் கடமை. விலையுயர்ந்த டங்ஸ்டன் தோட்டா அந்த எல்லையை நீட்டும் என்பது உண்மைதான், ஆனால் தூரத்தை மதிப்பிடத் தெரியாதவரின் கையில் அது ஆசையைத்தான் நீட்டுகிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிலவும் சூழலில் வளர்ந்தவர்களுக்கு, சட்டப்படியான வேட்டை என்பதே புதிய செய்தி. விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். அல்லது கை எட்டும் தூரத்தில் வழிகாட்டி ஒருவருடன் வேட்டையாடலாம். இளவேனில் பருவத்தில் ஆண் பறவையையோ மார்பில் முடிக்கற்றை தொங்கும் பறவையையோ மட்டுமே சுடலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்குரிய விதிவிலக்குகளுள் ஒன்று. நண்பரின் துப்பாக்கியை இரவல் வாங்கும் முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உரிமக் கட்டணம் வீண் செலவன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் விஸ்கான்சினில் காட்டு வான்கோழியே இல்லாமல் போயிற்று. 1976இல் மிசௌரி மாநிலத்திலிருந்து பிடித்து வந்த பறவைகளை வெர்னான் கவுன்ட்டியில் விட்டார்கள்; மிசௌரிக்கு மாற்றாகச் சென்றவை ரஃப்டு குரௌஸ் பறவைகள். 1983இல் மீண்டும் வேட்டைப் பருவம் திறக்கும் அளவுக்கு அவை பெருகின. நாடு முழுவதும் இத்தகைய மீட்புப் பணிக்குப் பணம் தந்ததில் உரிமக் கட்டணங்களுக்கும், 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலிக்கப்படும் வரிக்கும் பெரும்பங்கு உண்டு. அந்தக் குன்றுகளில் விடியலில் கேட்கும் ஒவ்வொரு முழக்கமும் மனிதர் திட்டமிட்டு மீட்டெடுத்தது என்பதை அறிந்து வேட்டையாடுபவர், ஒரு பறவையோடு திரும்புவதையும் வெறுங்கையோடு திரும்புவதையும் ஒரே மரியாதையுடன் ஏற்பார்.

வாங்கும்போது இணையத்தில் படம் பார்த்து ஆர்டர் செய்வதைவிடக் கடையில் எடுத்து இழுத்துப் பார்ப்பதே சரி. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிப் பெட்டிகளிலும் மரத்துக்கு மரம் குரல் வேறுபடும். இரண்டு சுவர்களிலும் உடைப்புத் தெளிவாக வருகிறதா, மூடி பக்கவாட்டில் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கைவினைஞர்கள் செய்யும் 100 டாலருக்கு மேற்பட்ட பெட்டிகள் அழகானவை. அவற்றின் குரல் வளத்தைக் கேட்டறியும் காது பழகிய பின் வாங்கினால் போதும். வில்லால் வேட்டையாட விரும்புபவர்களுக்கு மட்டும் இந்தக் கருவியை நான் பரிந்துரைப்பதில்லை. வில்லை இழுத்துப் பிடிப்பதற்கு இரு கைகளும் வேண்டியிருக்க, கருவியைக் கீழே வைத்து வில்லை எடுக்கும் நேரத்தைச் சேவல் தராது. அவர்கள் கூடாரம் போன்ற மறைவுக்குள் அமர்ந்தால் இதைப் பயன்படுத்தலாம். திறந்த வெளியில் அமர்வதாயின் குளிர்காலத்திலேயே டயஃப்ரம் பயிற்சியைத் தொடங்கிவிடுவது நல்லது.