வேப்பமரத்தடி காரும் ஏசி ஃபேன் சத்தமும்: பாளையங்கோட்டையில மூணு நாள் அலைஞ்ச கதை

செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு வேகத்தடைல ஏறி இறங்குனதும் ஏசி ஃபேன் அப்படியே நின்னு போச்சு. கத்திரி வெயில், மத்தியானம் 12.30 மணி, முன்சீட்ல 76 வயசு அப்பா, பின்னாடி அம்மாவும் என் பொண்ணும், திருச்செந்தூருக்கு இன்னும் 40 கிலோமீட்டர் கிட்ட இருக்கு. கண்ணாடிய இறக்குனா அடுப்பு வாய்க்கு முன்னாடி நிக்கிற மாதிரி அனல் அடிக்குது, ஏத்துனா மூச்சு முட்டுது. அப்பா ஒண்ணும் பேசாம கிளவ் பாக்ஸுக்கு அடில கைய விட்டு ரெண்டு தட்டு தட்டுனாரு, ஃபேன் கடகடன்னு ஓட ஆரம்பிச்சுது. "இது ஒரு வருஷமா இப்படித்தாம்ல"ங்காரு. ஒரு வருஷமா! நான் கனடா எட்மன்டன்ல இருந்து வாரா வாரம் வீடியோ கால்ல பேசுறேன், ஒரு வார்த்தை சொல்லல.

மூணு வார லீவுல ஊருக்கு வந்த கல்யாணம், விசா வேலை, பேங்க் வேலை எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, அதையெல்லாம் எழுத ஒண்ணுமில்ல. இந்த ஃபேன் விஷயத்த மட்டும் எழுதாம இருக்க முடியல.

வண்டி 2014ல வாங்குன சின்ன ஹேட்ச்பேக். கையால திருப்புற சாதாரண ஏசி, ஸ்கிரீன் கிரீன் எதுவும் கிடையாது, ஃபேனுக்கு நாலு ஸ்பீடு. நான் போய் இறங்குன அன்னைக்கே 1, 2, 3 எதுலயும் காத்து வரல, 4ல வச்சாதான் ஓடுச்சு, அதுவும் சின்ன வயசுல சைக்கிள் ஸ்போக்ஸ்ல அட்டைய சொருகி ஓட்டுவோமே, அதே மாதிரி டரடரன்னு ஒரு சத்தத்தோட. பாக்குறவங்க எல்லாம் சொன்ன ஒரே வைத்தியம் "கேஸ் இருக்காது, கேஸ் போடுங்க". பக்கத்து வீட்டு மாமா, சித்தப்பா மகன், பெட்ரோல் பங்க்ல நின்ன பையன் வரைக்கும் கேஸ்தான். கேஸ் கம்மியா இருந்தா காத்து குளிராது, அவ்வளவுதான். ஃபேன் நிக்கிறதுக்கும் சத்தம் போடுறதுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? ஆனா ஊர்ல ஏசின்னா கேஸ், அது மாறவே இல்ல.

மறுநாள் காலைல கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் முதல்ல போனேன், பேர் வேண்டாம். உள்ள ஏசி ஹால், காபி மெஷின், அட்வைசர் தம்பி கைல டேப்லெட், ரொம்ப மரியாதையா பேசுனாரு. ஆனா வண்டில ஏறி அந்த ஃபேன ஒரு தடவ கூட போட்டுப் பாக்கல. நான் சொன்னத டைப் பண்ணாரு, அரை மணி நேரத்துல எஸ்டிமேட் வந்துச்சு: ப்ளோயர் மோட்டார் (ஏசி ஃபேன சுத்துற மோட்டார்) முழுசா, ரெசிஸ்டர் (ஃபேன் ஸ்பீட கொறைக்கிற சாமான்), ஏசி சுவிட்ச் பேனல், டேஷ்போர்டு இறக்கி கூலிங் காயில் கிளீனிங், கேஸ், லேபர் எல்லாம் சேத்து 16,400 ரூபா, பார்ட்ஸ் சென்னைல இருந்து வர நாலு நாள் ஆகும். என்ன கோளாறுன்னு கேட்டா "மாத்திட்டா சரியாயிடும் சார்". மாத்தியும் சரியாகலைன்னா? "அப்ப வயரிங் பாக்கணும் சார்". அப்ப வயரிங்க முதல்லயே பாத்தா என்ன? எனக்கு கோவம் தலைக்கு ஏறிடுச்சு, சாவிய வாங்கிட்டு வந்துட்டேன்.

எட்மன்டன்லயும் இது நடந்துருக்கு, அதையும் சொல்லணும். ரெண்டு குளிர்காலம் முன்னாடி மைனஸ் 28ல என் வண்டி ஃபேன் குருவி மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. அங்க ஃபேன் ஓடலைன்னா சொகுசு பிரச்னை இல்ல, முன் கண்ணாடில பனி படிஞ்சு ரோடே தெரியாது, உயிருக்கு ஆபத்து. கடைல விட்டேன், என்ன கோளாறுன்னு பாக்க மட்டும் ஒரு மணி நேர கூலி 160 டாலர், மோட்டார் மாத்தி மொத்தம் 540 டாலர் கிட்ட ஆச்சு. எல்லாம் ஒழுங்கு, போன்ல வீடியோ அனுப்புனாங்க, எழுத்துல வாரண்டி குடுத்தாங்க, சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துச்சு. ஆனா வண்டி பக்கத்துல நிக்க விடமாட்டாங்க, பழைய மோட்டார்ல என்ன போச்சுன்னு கேட்டா பதில் வராது. அசெம்பிளியா கழட்டி அசெம்பிளியா மாட்டுறதுதான் அங்க வேலை. அந்தப் பழக்கம் நம்மூர் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கும் வந்துருச்சு, அந்த வாரண்டியும் ஒழுங்கும் மட்டும் கூட வரல.

சரின்னு சமாதானபுரத்துப் பக்கம் இருக்கிற ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிகிட்ட போனேன். அப்பாவோட அம்பாசிடர் காலத்துல இருந்தே தெரிஞ்சவரு, தகர ஷெட்டு, வெளிய ரெண்டு பழைய பேட்டரி, சுவத்துல ஆணி அடிச்சு தொங்குற ஒயர் கட்டு, எதுவும் மாறல. அவர் சொன்னது "நாளைக்கு 10 மணிக்கு வாங்க தம்பி". 10 மணிக்கு போனா கடை பூட்டிக் கெடக்கு. போன் அடிச்சா எடுக்கல. பக்கத்து டீக்கடைல கேட்டா ஏதோ துஷ்டி (சாவு) வீட்டுக்கு போயிருக்காராம். துஷ்டிக்கு போறது தப்புன்னு யாரும் சொல்லமாட்டாங்க, ஆனா ஒரு மெசேஜ் போட்டா என்ன? மூணு வார லீவுல ஒரு நாள் போறது எனக்கு எவ்வளவு பெருசுன்னு ஊர்ல யாருக்கும் புரியறதில்ல. வெயில்ல ஒண்ணரை மணி நேரம் நின்னுட்டு திரும்புனேன்.

அடுத்த நாள் ஆள் இருந்தாரு, கரண்ட் இல்ல. மாசாந்திர பராமரிப்பு, சாயங்காலம்தான் வருமாம். நான் கிளம்பப் பாத்தேன், அண்ணாச்சி விடல. "பாக்குறதுக்கு கரண்ட் எதுக்கு, பேட்டரி வண்டிலயே இருக்குல்லா, சால்ட்ரிங் வைக்கத்தான் கரண்ட் வேணும்"னு சொல்லி ஒரு ஸ்டூல எடுத்துப்போட்டு என்ன பக்கத்துலயே உக்கார வச்சாரு.

இங்கதான் எனக்கு மனசு நெறஞ்சுது. முதல்ல அவர் எதையும் கழட்டல. "இஞ்சின் ஓட வேண்டாம், சாவிய மட்டும் திருப்புங்க"ன்னாரு. இஞ்சின் ஓடாமலும் சத்தம் வந்தா அது ப்ளோயர், இஞ்சின் ஸ்பீடு கூடக்கூட சத்தமும் கூடுனா கம்ப்ரசரோ பெல்ட் பக்கத்து பேரிங்கோ. இஞ்சின் ஓடாமலே சத்தம் வந்துச்சு, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் கேட்டாரு, "வளைவுல திருப்பும்போது சத்தம் மாறுதா தம்பி?" மாறல, நேரா போனாலும் திரும்புனாலும் ஒரே மாதிரிதான். வளைவுல மாறுனா மோட்டார் தண்ட தாங்குற புஷ் தேஞ்சு தண்டு ஆடுதுன்னு அர்த்தமாம், மாறலைன்னா உள்ள ஏதோ குப்பை மாட்டியிருக்கணுமாம். 540 டாலர் குடுத்தப்ப என்கிட்ட யாரும் இந்தக் கேள்விய கேக்கல.

கிளவ் பாக்ஸ கழட்டுனாரு. உள்ள இருந்த விபூதிப் பொட்டலம், மூணு வருஷத்து பஞ்சாங்கம், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாத்தையும் பத்திரமா என் மடில வச்சாரு. ப்ளோயருக்கு மூணு ஸ்குரூ, ஒயர சேக்குற ஒரு கப்ளர், அவ்வளவுதான், டேஷ்போர்ட இறக்க வேண்டிய அவசியமே இல்ல. மோட்டார கீழ இறக்குனா கூண்டு மாதிரி இருக்கிற சக்கரத்துல இதழுக்கு இதழ் வேப்பிலை ஈர்க்கு பின்னிக் கெடக்கு, தூக்கணாங்குருவி கூடு மாதிரி. நடுவுல நீட்டிக்கிட்டு இருந்த ஒரு ஈர்க்குதான் சுத்துறப்ப மேல இடிச்சு டரடரன்னு சத்தம் போட்ருக்கு. அடில பொடிப்பொடியா மஞ்சளா கொட்டிக் கெடந்துச்சு, தொட்டுப் பாத்தா காஞ்ச வேப்பம்பூ. அம்மா சித்திரைல முற்றத்துல துணி விரிச்சு பொறுக்கி, ரசத்துக்கு காயப்போட்டு வைக்கிற அதே பூ. வண்டி வருஷத்துல பதினோரு மாசம் அந்த மரத்தடிலதான் நிக்குது. முன் கண்ணாடிக்கு கீழ இருக்கிற சல்லடை வழியா எல்லாம் உள்ள போயிருக்கு. தடுக்க ஃபில்டர் இருக்கணுமே? அந்த எடம் காலியா இருக்கு, யாரோ எடுத்துட்டு திரும்ப வைக்கவே இல்ல.

அப்புறம் ரெசிஸ்டர். காத்து போற பாதைக்குள்ள சுருள் கம்பியா உக்காந்திருக்கும். 1, 2, 3 ஸ்பீடுல கரண்ட் இது வழியா போய் கொறையும், 4ல இத விட்டுட்டு நேரா போகும், அதனாலதான் ரெசிஸ்டர் போனா 4 மட்டும் ஓடும். அண்ணாச்சி சொன்ன விதம் இன்னும் காதுல இருக்கு: "இது சூடாவுத சாமான், ப்ளோயர் காத்துதான் இதுக்கு விசிறி. காத்து அடைச்சா இது வெந்துரும். புதுச போட்டுட்டு குப்பைய எடுக்கலைன்னா ஆறு மாசத்துல திரும்ப என்ட்ட வருவிய." கப்ளர திருப்பிக் காட்டுனாரு, ஒரு பின்ன சுத்தி பிளாஸ்டிக் உருகி பழுப்பா வழிஞ்சிருந்துச்சு. ஃபியூஸ் பாக்ஸ திறந்தா 25 ஆம்பியர் எடத்துல எவனோ 40 போட்டு வச்சிருக்கான். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸா போட்டா கடைசில எரியறது ஒயருதான். இதப் பாத்ததும் எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அம்மாவும் அப்பாவும் தனியா போயிட்டு வர வண்டி இது.

ஆனா வேகத்தடைல ஃபேன் நிக்கிறதுக்கு இது எதுவும் காரணம் இல்ல. மோட்டார திரும்ப மாட்டி 4ல ஓடவிட்டு வோல்ட் பாக்குற மீட்டர எடுத்தாரு. பேட்டரில 12.4 வோல்ட், மோட்டார்ல 10 கூட இல்ல. இந்த வண்டில ப்ளஸ் ரிலே (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) வழியா நேரா மோட்டாருக்கு வருது, எர்த்ததான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்கு திரும்புற வழியத்தான், சுவிட்ச் வழியா கட் பண்றான். அதனால மீட்டரோட ஒரு கம்பிய பேட்டரி மைனஸ்லயும் இன்னொன்ன ப்ளோயர் எர்த்லயும் வச்சாரு, 2.1 வோல்ட் காட்டுச்சு. நல்ல எர்த்னா 0.2க்கு மேல போகக்கூடாது. ஃபேன ஓடவிடாம சும்மா வச்சுப் பாத்தா எல்லாம் சரியாத்தான் காட்டும், லோடு ஏறும்போது பாத்தாத்தான் கள்ளம் வெளிய வரும்.

அந்த எர்த் போல்ட் எங்க இருக்குன்னா, முன்சீட்ல அப்பா கால் வைக்கிற எடத்துல ஓரமா ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னாடி. மேட்ட தூக்குனா கீழ ஃபெல்ட் ஊறிப் போயிருக்கு, பிழிஞ்சா தண்ணி சொட்டுது. அப்பா இத்தன நாளா வாட்டர் பாட்டில் ஒழுகுதுன்னு நெனச்சுட்டு இருந்திருக்காரு. ஏசி தண்ணி வெளிய போற டியூபும் அதே வேப்பிலைக் குப்பையில அடைச்சு, தண்ணி உள்பக்கம் இறங்கி, போல்ட் துருப்பிடிச்சு, ஒரு குலுங்கு குலுங்குனா எர்த் விட்டுப் போகுது. சத்தம், ஸ்பீடு, நிக்கிறது, மூணுக்கும் மூலம் ஒரே மரம். அண்ணாச்சி வண்டிக்கு அடில படுத்து பழைய சைக்கிள் பிரேக் கேபிள டியூபுக்குள்ள விட்டு குத்துனாரு, ஒரு செம்பு அளவுக்கு கருப்பா தண்ணி கொட்டுச்சு.

மிச்ச வேலை கரண்ட் வந்ததும். போல்ட உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி தேச்சு, ஒயர் நுனிய வெட்டி போல்ட்ல மாட்டுற புது லக் வச்சு சால்டர் பண்ணி முறுக்கிட்டு, மேல கிரீஸ் தடவுனாரு. திரும்ப மீட்டர் வச்சா 0.1. புது ரெசிஸ்டர் 650, கப்ளர் 200, ஃபில்டர் 350, கூலி 700, மொத்தம் 1,900 ரூபா. சல்லடைக்கு அடில வைக்க கொசுவலைய அளவா வெட்டித் தந்ததுக்கு காசே சொல்லல. நான் கூட 500 குடுத்தேன், வாங்கி அதுல 200 கூட வேலை பாத்த பையனுக்கு குடுத்தாரு.

எனக்கு இன்னும் மனக்குறை இருக்கு. பில் கிடையாது, வாரண்டி "எப்ப வேணா கொண்டாங்க"ங்கிற ஒரு வார்த்தைதான். சால்டர் பண்ண எடத்துல அந்தப் பையன் சாதா கருப்பு டேப்ப சுத்துனான், நம்மூர் சூட்டுக்கு அது ரெண்டு வருஷத்துல பசையா உருகி வழியும். சூடு காட்டுனா சுருங்கி ஒயர இறுக்கி மூடுற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இல்லையான்னு கேட்டா, அண்ணாச்சி "அது கெடைக்கப்போ போடுவோம்"ங்காரு. இவ்வளவு நுணுக்கமா கோளாற கண்டுபுடிக்கிற கைக்கு அஞ்சு ரூபா ஸ்லீவ் இல்லாதது எனக்கு தாங்கல. அந்த மூணு நாள யாரும் திருப்பித் தரப்போறதும் இல்ல. ஆனா 16,400 ரூபா குடுத்து புது மோட்டார் மாட்டியிருந்தா, அந்த எர்த் போல்ட் அப்படியேதான் இருந்திருக்கும், அடுத்த வேகத்தடைல ஃபேன் நின்னிருக்கும். இது நிச்சயம்.

ஊர்ல அப்பா அம்மா வண்டி வச்சிருக்கிறவங்க அடுத்த தடவ போறப்ப இத மட்டும் செய்யுங்க: முன்சீட் மேட்ட தூக்கி ஈரமா இருக்கான்னு கைய வச்சுப் பாருங்க, ஃபில்டர் இருக்கான்னு பாருங்க, ஃபியூஸ் நம்பர மூடில எழுதியிருக்கிறதோட ஒத்துப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. வீடியோ கால்ல கேட்டா "எல்லாம் நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க.

கிளம்புறதுக்கு முந்துன நாள் திரும்ப திருச்செந்தூர் போனோம், 2லயே வச்சு, ஒரு சத்தம் இல்ல, அம்மா தூங்கிட்டே வந்தாங்க. வர வழில ரோட்டோரம் நுங்கு வாங்கி சாப்பிட்டோம். வண்டிய வேற எடத்துல நிறுத்தச் சொல்லி அப்பாட்ட எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன், "நிழல விட்டுட்டு வெயில்லயா போடுவாவ"ன்னு முடிச்சுட்டாரு. கொசுவலைய மாசம் ஒரு தடவ தட்டிப் போட பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட சொல்லியிருக்கேன். அண்ணாச்சிக்கு குடுக்க ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஒரு பெரிய பாக்கெட் எட்மன்டன் வந்ததும் வாங்கி, ஊருக்கு கொண்டு போற பெட்டில முதல் சாமானா போட்டு வச்சாச்சு.