டிவிடிஸ்டைலரோடு 14 வருடம்: அம்மா வீட்டு பிளேயரில் ஓடினால்தான் கணக்கு

இதுவரை நான் எழுதிய டிவிடிகள் இருநூறைத் தாண்டும். அதில் முக்கால்வாசி சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில், அம்மா வீட்டுச் சுவர் அலமாரியில் இருக்கிறது. பேத்தியின் பள்ளி ஆண்டு விழா, தங்கச்சி வளைகாப்பு, கோயில் கொடையில் விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு எல்லாம் அங்கேதான். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். கணினியில் சேர்கிற வீடியோக்களை டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளால் தட்டில் போட்டு, ஊருக்குப் போகும்போது பையில் வைத்துக் கொண்டுபோவது வழக்கம்.

பென்டிரைவ் போதாதா என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அம்மாவின் பிளேயரில் அதற்கும் ஓட்டை இருக்கிறது. ஆனால் அது பழைய ஏவிஐ கோப்புகளைத்தான் எடுக்கும், போனில் எடுத்த எம்பி4 என்றால் கண்டுகொள்ளாது. எடுத்தாலும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வரும், அதில் மேலும் கீழும் போய்த் தேட வேண்டும். தட்டு என்றால் போட்டு மூடினால் தானே பாட ஆரம்பித்துவிடும். அம்மாவுக்கு அது போதும்.

முதல் தட்டு 2010இல் எழுதினேன். எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். வீடியோ கோப்பை இழுத்து டிவிடிக்குள் போட்டு எழுதினேன். கணினியில் அழகாக ஓடியது. ஊரில் பிளேயர் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு 'நோ டிஸ்க்' என்றது. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது: தட்டில் வீடியோ இருந்தால் மட்டும் அது வீடியோ டிவிடி ஆகிவிடாது. படம் எம்பெக்-2 முறையில் இருக்க வேண்டும். நம் நாட்டு டிவி முறையான பிஏஎல்லின் அளவுக்கு 720x576 புள்ளி, நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். இதையெல்லாம் விஓபி கோப்புகளாக வெட்டி, எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகளோடு வீடியோ_டிஎஸ் என்ற உறைக்குள் அடுக்க வேண்டும். பிளேயருக்கு அந்த அடுக்கு மட்டும்தான் தெரியும்.

விண்டோஸ் 7இல் இதற்கென்றே டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்தது. எளிமையானதுதான், ஆனால் விண்டோஸ் 8இல் அதை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றைச் சோதனைக்கு இறக்கியபோது படத்தின் நட்டநடுவில் தன் பெயரை அச்சடித்துத் தந்தது. மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை முகத்தின் மேல் அந்தப் பெயர்! நடுவில் இரண்டு வருடம் டிவிடி ஃப்ளிக் பயன்படுத்தினேன். அதைப்போல வம்பில்லாத மென்பொருள் கிடையாது. ஆனால் 2009க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை. இன்றைய போன்கள் எடுக்கும் எச்இவிசி என்ற புது வகை வீடியோவை அதனால் திறக்க முடியவில்லை. கடைசியில் டிவிடிஸ்டைலரில் வந்து நின்றேன். இலவசம், திறந்த மூலம், லினக்ஸிலும் ஓடும். கோப்பைத் திறந்து மாற்றும் வேலையை உள்ளே எஃப்எஃப்எம்பெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் பார்த்துக்கொள்வதால் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பெரும்பாலும் வாங்கிக்கொள்கிறது.

திறந்ததும் தட்டின் பெயர், கொள்ளளவு, பிஏஎல்லா அமெரிக்க முறையான என்டிஎஸ்சியா, 4:3ஆ 16:9ஆ, ஒலி எந்த வகை என்று கேட்கும். அவசரத்தில் 'சரி' அழுத்திவிடாதீர்கள், தட்டின் தலையெழுத்து அங்கேதான் எழுதப்படுகிறது. அப்போது அம்மா வீட்டில் இருந்தது அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி. நான் 16:9 என்று எழுதிக் கொண்டுபோன முதல் தட்டைப் பார்த்துவிட்டு அம்மா, "என்னல இது, எல்லாரும் நெட்டையா ஒல்லியா இருக்காவ? கோயமுத்தூர்ல சாப்பிடுதியளா இல்லியா?" என்றாள். அகலப் படத்தைச் சதுரத் திரையில் நெருக்கித் திணித்ததால் வந்த ஒல்லி அது. தப்பு தட்டில் இல்லை. பிளேயரின் செட்டப்பில் டிவி வடிவத்தை '4:3 எல்பி' என்று மாற்றியதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு ஆட்கள் பழைய உடம்புக்கு வந்தார்கள். அந்த டிவி படத்தின் ஓரத்தையும் கொஞ்சம் தின்னும். மெனுவில் விளிம்பை ஒட்டி எழுதிய தலைப்புகளுக்குப் பாதித் தலை போயிருந்தது. அன்றிலிருந்து எழுத்தையெல்லாம் நடுவுக்குத் தள்ளிவிடுகிறேன்.

அடுத்தது இடக்கணக்கு. நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். 4.7 ஜிபி தட்டு என்றால் அது 470 கோடி பைட். இரண்டு மணி நேரப் படத்துக்கு நொடிக்கு 5000 கிலோபிட் தரவு கிடைக்கும், படம் நன்றாக இருக்கும். வில்லுப்பாட்டு அப்படி முடிகிற சமாச்சாரமா? எங்கள் ஊர்க் கொடையில் மூன்றரை மணி நேரம் சாதாரணம். நான் வைத்திருக்கும் கணக்கு இது: 6 லட்சத்தை மொத்த நிமிடத்தால் வகுக்க வேண்டும். வருவது ஒரு நொடிக்கு உங்களுக்குக் கிடைக்கும் கிலோபிட். 210 நிமிடத்துக்கு 2857 வரும். அதில் ஒலிக்கு 192 போனால் படத்துக்கு மிஞ்சுவது 2650 சொச்சம். இந்தப் பிச்சைக்காசில் 720x576 படத்தை ஓட்டினால், சீரியல் விளக்கு மினுங்கும் பந்தலும் அசைகிற கூட்டமும் சதுரம் சதுரமாக உடையும். சாமியாடி ஓடி வரும்போது பார்க்கவே வேண்டாம், கட்டம் போட்ட லுங்கி ஓடி வருகிற மாதிரி இருக்கும்.

இரண்டு தட்டாக உடைத்துக் கொடுத்தேன். நடுவில் எழுந்து மாற்ற அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டும் வாங்கிப் பார்த்தேன். விலையும் கூடுதல், அம்மாவின் பிளேயர் அடுக்கு மாறும் இடத்தில் ஒரு விக்கல் விக்கும். விடை வேறு இடத்தில் இருந்தது. டிவிடி விதிகளில் 352x576 என்ற பாதி அகல அளவும் செல்லும். டிவிடிஸ்டைலரில் வீடியோவின் பண்புகளுக்குள் போனால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். புள்ளிகள் பாதியாகிவிடுவதால் அதே 2650 கிலோபிட் தாராளமாகப் போதும். கணினித் திரையில் பார்த்தால் கொஞ்சம் மங்கல்தான். 14 அங்குல டிவியில் வித்தியாசம் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை. குறுகிய படத்துக்கு இதற்கு நேர்மாறான ஆசை வரும். இருபது நிமிடம்தானே என்று உச்ச வரம்பான 9800ஐ வைக்காதீர்கள். சில பழைய பிளேயர்கள் அதில் மூச்சு வாங்கும். நான் 8000க்கு மேல் போவதில்லை.

வில்லுப்பாட்டில் கேட்கிறவர்கள்தான் அதிகம், பார்க்கிறவர்கள் குறைவு. அதனால் படத்தில் கஞ்சத்தனம் செய்தாலும் ஒலியில் செய்ய மாட்டேன். டிவிடிக்கான ஏசி3 வகை ஒலியை 192 கிலோபிட்டுக்குக் கீழே இறக்குவதில்லை. ஒருமுறை இடம் மிச்சம் பிடிக்க 96இல் வைத்தேன். உடுக்கைச் சத்தம் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஆகிவிட்டது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய கணினியில் இரண்டு மணி நேரப் படத்தை மாற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2012இன் மின்வெட்டு நாட்கள் நினைவிருக்கிறதா? கோயம்புத்தூரில் தொடர்ந்து மூன்று மணி நேரம் கரண்ட் இருந்தால் அது திருநாள். 90 விழுக்காட்டில் நின்று போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இந்த மென்பொருளில் கிடையாது. கடைசியில் மடிக்கணினி வாங்கியதற்கு முதல் காரணமே இதுதான், வீட்டில் வேறு காரணம் சொல்லியிருந்தேன். இப்போதைய கணினியில் அதே வேலை அரை மணி நேரத்துக்குள் முடிகிறது.

பழைய மினி டிஜிட்டல் வீடியோ (மினிடிவி) கேமரா கேசட்டுகளில் ஒரு வில்லங்கம் உண்டு. அவை ஒவ்வொரு சட்டத்தின் வரிசைகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து இரண்டு பாதியாக, கீழ் வரிசை முதலில் வருமாறு பதிகின்றன. எழுதும்போது மேல் வரிசை முதலில் என்று இருந்துவிட்டால், வில்லைத் தட்டுகிற கை முன்னும் பின்னும் உதறும். கணினியில் இது தெரியவே தெரியாது, பழைய பிக்சர் டியூப் டிவியில்தான் தெரியும். போன் வீடியோவில் சிக்கல் வேறு: நொடிக்கு இத்தனை சட்டம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. நீளமான வீடியோவில் போகப்போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிவிடும். முதலில் வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான 25 சட்டமாக மாற்றிக்கொண்டு, பிறகுதான் டிவிடிஸ்டைலருக்குக் கொடுக்கிறேன். (ஹேண்ட்பிரேக்கே டிவிடி எழுதும் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. அது எழுதாது.)

தமிழ் எழுத்துதான் இதில் எனக்கு நிஜமான வருத்தம். பெரியப்பாவுக்குக் காது கேட்காது. குடும்ப விழா ஒன்றில் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசியதை அவர் படிக்கட்டும் என்று உட்கார்ந்து தமிழில் துணையெழுத்து (சப்டைட்டில்) தட்டினேன். தட்டில் வந்தபோது ஒற்றைக் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'பெரியப்பா' என்ற சொல்லே முதல் எழுத்தில் நொண்டியது. டிவிடியில் துணையெழுத்து என்பது சின்னச் சின்னப் படங்கள்தான். அந்தப் படத்தை வரைகிற பகுதிக்குத் தமிழ் எழுத்தைக் கோத்து அடுக்கத் தெரியவில்லை. சுற்று வழியாக, ஹேண்ட்பிரேக்கிலேயே துணையெழுத்தைப் படத்தோடு பதித்துக் கொடுத்தேன், கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்தன. வேண்டாம் என்றால் அணைக்க முடியாது, அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு அணைக்கும் தேவையே வரவில்லை.

எழுதுகிற வேலையை மட்டும் டிவிடிஸ்டைலரிடம் விடுவதில்லை. அதில் முழுத் தட்டையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துக்கொண்டு, தட்டு எழுதும் மென்பொருளான இமேஜ்பர்னில் எழுதுகிறேன். 2013க்குப் பிறகு அதற்கும் புதிய பதிப்பு இல்லை, அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. 'வெரிஃபை' என்பதை டிக் செய்துவிட்டால், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சொல்லிவிடும். வேகம் 4 அல்லது 8. வெற்றுத் தட்டில் இருக்கும் இரண்டு வகையில் டிவிடி+ஆர் ஐவிட டிவிடி-ஆர் பழைய பிளேயர்களுக்கு ஒத்துப்போகிறது என்பது என் அனுபவம். புதிதாக எதையாவது முயன்றால் முதலில் அழித்து அழித்து எழுதக்கூடிய ஓர் ஆர்டபிள்யூ தட்டில் எழுதி, பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பழைய பிளேயரில் போட்டுப் பார்ப்பேன். அவரும் இப்போது பழகிவிட்டார், தட்டைக் கையில் பார்த்ததும் டிவியைப் போட்டுவிடுவார்.

தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். ஒரு சித்திரை வெயிலில் லேபிள் ஓரம் பிரிந்து பிளேயருக்குள் சிக்கி, தட்டை வெளியே எடுக்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மார்க்கர் பேனாதான். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்பதால் படம் போட்டுக் கொடுக்கிறேன். வில் வரைந்திருந்தால் வில்லுப்பாட்டு, இரட்டைச் சடை என்றால் பேத்தி. 2010இல் மலிவாகக் கட்டோடு வாங்கிய தட்டுகளில் பாதிக்கு மேல் இன்று படிக்க முடியவில்லை. ஜன்னல் வெயில் பட்ட வரிசைதான் முதலில் போனது. மூல வீடியோவை வன்தட்டில் வைத்திருந்ததால் மறுபடி எழுத முடிந்தது.

டிவிடிஸ்டைலரில் குறை என்றால் இன்னும் இரண்டு. ஒரு வீடியோ முடிந்ததும் அது மெனுவுக்குத் திரும்பிவிடும். அடுத்ததற்குத் தானே போக வேண்டும் என்றால் 'ஜம்ப் டைட்டில் 2' என்று ஆங்கிலத்தில் கட்டளை கொடுக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதுவரை அம்மா ஒவ்வொரு முறையும் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தாள். ஏதாவது தப்பானால் அது காட்டும் பிழைச் செய்தி எஃப்எஃப்எம்பெக் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும். பெரும்பாலும் கோப்பின் பெயரில் தமிழ் எழுத்தோ விநோதக் குறியோ இருந்திருக்கும். பெயரை வெறும் ஆங்கில எழுத்துக்கு மாற்றினால் எனக்குச் சரியாகியிருக்கிறது.

போன கொடைக்கு எடுத்த வில்லுப்பாட்டை மூன்றே முக்கால் மணி நேரமாக, 352x576இல், ஒரே தட்டில் கொண்டுபோனேன். அம்மா முழுவதும் பார்த்துவிட்டுப் போன் பண்ணினாள். "சத்தம் நல்லா கேக்கு. உடுக்கு தனியா, குடம் தனியா கேக்கு. நடுவுல ஒருத்தன் மைக்கைப் பிடிச்சு வரி குடுத்தவன் பேரெல்லாம் வாசிக்கான் பாரு, அதை மட்டும் வெட்டிட்டு வேற ஒண்ணு போட்டுத் தா." நன்கொடைப் பட்டியல் மொத்தம் 22 நிமிடம். அது போனால் ஒவ்வொரு நொடிக்கும் கொஞ்சம் கிலோபிட் மிச்சமாகும். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்துச் சாளரத்தில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, 62 விழுக்காடு ஆகியிருக்கிறது.